ஒன்றாம் தேதி டீ

என் அக்காவைக் கஞ்சப் பிசினாரி என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாசக் கடைசியில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யார் வீட்டு வாசலில் கிண்ணத்தோடு வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அக்கா வீட்டு வாசலில்தான். கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

குளிக்கிற சோப்பு நகத்தளவு தேய்ந்ததும் அக்கா அதைத் தூக்கிப் போட மாட்டாள். பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டித் தொங்கவிடுவாள். காலுறை நிறைந்தால் அதுவே ஒரு சோப்பு. சோறு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, பானையைக் கிழிந்த கம்பளிக்குள் சுற்றி மூலையில் உட்கார வைத்துவிடுவாள். மிச்ச வேக்காடு தானாக நடக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் காலர் தைக்கிறேன், அவள் நூல் பிசிறு வெட்டுகிறாள். வேண்டாம் என்று ஒதுக்கும் வெட்டுத்துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்து போர்வை தைப்பாள். எங்கள் வீட்டில் எல்லாருமே நூறு பேருடைய சட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம்.

வீடும் அப்படித்தான். அக்கா புருஷன், என் மாமா, கட்டடம் இடிக்கிற வேலை பார்க்கிறவர். வேலை இடத்தில் அவருக்குப் பேரே சம்மட்டி. இடிக்கிற கட்டடங்களில் மிஞ்சுவதைக் கூலியோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வருவார். குளியலறைக் கதவில் 14 என்று எண் இருக்கும். அது ஒரு லாட்ஜிலிருந்து வந்தது. சமையலறை ஜன்னல் ஒரு பள்ளிக்கூடத்துடையது. தரையில் அடிக்கு ஒரு நிறத்தில் ஓடு. அக்கா சேர்த்துச் சேர்த்து வாங்கிக் கொடுத்த சிமெண்டும், மாமா இடித்துக் கொண்டுவந்த கல்லும் கலந்ததுதான் அந்த வீடு.

அதில் பெருமைக்குரியது படுக்கையறைக் கதவு. ஏதோ பெரிய பணக்காரர் வீட்டு வாசல் கதவாக இருந்தது. அசல் தேக்கு. நாலு ஆள் தூக்கி வந்து மாட்டினார்கள். "இதை வித்தா நாலு மாசம் காலாட்டிக்கிட்டுச் சாப்பிடலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமா சொல்வார். அக்கா வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பாள். அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டால் உள்ளே நடப்பது வெளியே கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்கும். முன்னறையில் படுத்திருப்பவள் நான்தான்.

அடி என்றால் கன்னத்தில் ஒரு தட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சுவரைப் பெயர்த்துப் பெயர்த்து இரும்பாகிப் போன கை அது. அதற்கு மேல் இடுப்பு பெல்ட்டும் உண்டு. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி சத்தம் வரும். நடுவில் அக்காவின் சத்தம் ஒன்றும் வராது. ஒருமுறை தாழ் விழும் முன் நான் உள்ளே பாய்ந்து குறுக்கே நின்றேன். என் நெற்றியில் இருக்கும் தழும்பு அந்தப் பெல்ட்டின் கொக்கி போட்டது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நானும் அடி வாங்கினவள்தான். என் புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு ஓடி வந்தவள். "நீயும் கிளம்புக்கா, ரெண்டு பேர் சம்பளம் இருக்கு, எங்கயாவது போயிடலாம்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"நான் எதுக்குடி போகணும்?" என்பாள். "இந்த வீட்டுல பாதி நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டினது. அடிக்கிறவன் இருப்பானாம், அடி வாங்குறவ போகணுமாம். நல்லா இருக்கே நியாயம்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வீட்டில் இருக்க வேண்டும், அடி வாங்காமல் இருக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேருக்குச் சும்மா கிடைக்கிற விஷயம்.

இனி மாசக் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா மகள் பாப்பா சின்னதாக இருந்தபோது அக்கா ஆரம்பித்தது அது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், எல்லாரும் சமையலறைத் தரையில் டீ டம்ளரோடு வட்டமாக உட்கார வேண்டும். அந்த மாதம் எதை விடப்போகிறோம், எதைச் செய்யப்போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயதில் சின்னவர் முதலில், கட்டை ஆரம்பித்த அக்கா கடைசியில். ஒரு மாதம் வீட்டில் சர்க்கரை கிடையாது. ஒரு மாதம் விளக்கை எட்டு மணிக்கு மேல் எரிப்பதில்லை. ஒரு மாதம் பாப்பா நகம் கடிப்பதில்லை.

இதில் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. "ஒரு மாசம் விட்டா அது நம்ம இஷ்டம். விட்டதையே விட்டுக்கிட்டு இருந்தா அது தரித்திரம்" என்பாள். விட்ட பொருள் மாதம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். சர்க்கரை விட்ட மாதம் முடிந்து வருகிற முதல் டீயின் ருசி இருக்கிறதே, அதற்காகவே அந்தச் சட்டம். கஞ்சப் பிசினாரி என்று சொல்கிறவர்களை அந்த ஒரு டீயைக் குடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சட்டம் தற்செயலாக வந்தது. அதே சர்க்கரை மாதத்தின் கடைசியில் மாமா வெளியூரில் ஒரு பாலத்தை இடிக்கப் போயிருந்தார். ஒன்றாம் தேதிக்கு வந்து சேரவில்லை. பாப்பா சர்க்கரை டப்பாவைத் திறக்கப் போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். "எல்லார் டம்ளரும் காலியானாத்தான் மாசம் பொறக்கும். அப்பா டம்ளர் இன்னும் இருக்கு." அவர் வந்து தன் டம்ளரைக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் எல்லாரும் சர்க்கரை இல்லாமலே ஓட்டினோம். அதைக் கேட்டு மாமாவுக்கு ஒரே பூரிப்பு. தான் குடிக்காமல் மாதமே பிறக்காது என்று வேலை இடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது.

மாமாவைப் பற்றி ஒரு நல்லது சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லலாம். கட்டு என்று வாயால் சொல்லிவிட்டால் உயிரே போனாலும் மீற மாட்டார். அது நல்ல குணம் என்று நான் சொல்லவில்லை, வெறும் வீம்புதான். புகையிலை விட்ட மாதத்தில் கூட்டாளி ஒருவன் "ஒரே ஒரு கிள்ளு" என்று நீட்டியிருக்கிறான். மாமா அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்தார். ஆனால் புகையிலையைத் தொடவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அடி விழுந்தது. காரணம் கேட்காதீர்கள். அன்று அவருடைய முதலாளி எல்லார் முன்னாலும் அவரைக் கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தான். அதுதான் காரணம் என்றால் முதலாளியை அல்லவா அடித்திருக்க வேண்டும்? வந்ததும் வராததுமாக அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேக்குக் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்று குத்திக் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம், கதவு அசையவில்லை. பாப்பா முன்னறைக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். எப்போதும் அங்கேதான் போவாள். கதவு திறந்தபோது அக்காவின் முன்பல் ஒன்று பாதி இல்லை. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வழிந்து காய்ந்திருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா சாப்பிட்டாளா?"

எனக்கு அந்த ஆளை அங்கேயே வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. இன்றும் அந்தக் காதில் அக்காவுக்குச் சரியாகக் கேட்காது.

அடுத்து வந்த ஒன்றாம் தேதி. வீங்கிய முகத்தோடு அக்கா டீ போட்டாள். வட்டமாக உட்கார்ந்தோம். முதலில் பாப்பா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"இந்த மாசம் சண்டை நடக்கும்போது நான் கட்டிலுக்கு அடியில போய் ஒளிய மாட்டேன்" என்றாள்.

என் முறை வந்தது. "நான் பஸ்ல போக மாட்டேன். கம்பெனிக்கு நடந்தே போறேன்" என்றேன். அவசரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

மாமா தலையைச் சொறிந்தார். "எனக்கு விடுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? பீடியை விட்டாச்சு, புகையிலையை விட்டாச்சு, சினிமாவை விட்டாச்சு."

"அம்மாவை அடிக்கிறதை விடுங்கப்பா" என்றாள் பாப்பா.

அவர் பாப்பாவைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். சவால் விட்டால் அவருக்குப் பிடிக்கும்.

"என்னால முடியாதுன்னு நினைக்கிறியா? சரி, விட்டேன். இந்த மாசம் இந்த வீட்டுல யார் மேலயும் என் கை படாது. போதுமா?"

கடைசியில் அக்கா. உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே சொன்னாள். "அப்ப நானும் ஒண்ணு சொல்றேன். இந்த மாசம் நான் உங்களைத் திருப்பி அடிக்க மாட்டேன்."

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ புரையேறி இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. "ஐயோ, பெரிய மனசு பண்ணி விட்டுட்டா பாரு!" என்று தொடையைத் தட்டினார். அக்கா சிரிக்கவில்லை. எல்லார் டம்ளரும் காலியாயிற்று, மாதம் பிறந்தது.

அந்த மாதத்தை நான் எப்படிச் சொல்வேன்? அடி இல்லாத மாதம்தான். ஆனால் அதற்கு முன்னால் எந்த மாதமும் எனக்கு அவ்வளவு பயமாக இருந்ததில்லை. மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் விஷயம். சோற்றில் உப்புக் குறைந்த அன்று தட்டை எடுத்துச் சுவரில் அடித்தார். சட்டைப் பொத்தான் அறுந்த அன்று முகம் பார்க்கும் கண்ணாடியில் குத்தினார். விரல் கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட அக்காவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"இருக்கட்டும்டி. எல்லாத்தையும் சேர்த்து வெக்கிறேன். உன்கிட்ட கத்துக்கிட்டதுதானே சேமிப்பு? ஒண்ணாம் தேதி மொத்தமா எடுத்துக் கொடுக்கிறேன்."

பாப்பாவிடமும் சொன்னார். "உனக்கும் இருக்கு. அப்பனுக்கே கட்டுப் போட்டவ இல்ல நீ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவள் அக்கா. சர்க்கரை திரும்பி வருவதற்காகப் போட்ட சட்டம் அது. சர்க்கரை திரும்பி வருகிற வழியிலேயே பெல்ட்டும் திரும்பி வரும். அதுவும் ஒரு மாத ஏக்கத்தோடு வரும்.

"சட்டத்தை மாத்துக்கா" என்று கெஞ்சினேன்.

"மாத்தினா அவரும் மாத்துவாரு" என்றாள்.

வீட்டில் விழாத அடி வெளியே விழ ஆரம்பித்தது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர், பாவம், வண்டியைத் திருப்பும்போது மாமாவின் சைக்கிளில் இடித்துவிட்டார். மாமா அவருடைய தராசுத் தட்டையே பிடுங்கி அவர் முகத்தில் அறைந்தார். மனுஷன் கீழே விழுந்த பிறகும் விடவில்லை. விலாவில் மிதித்தார், மறுபடி மிதித்தார். தெருவே நின்று பார்த்தது, ஒருவரும் கிட்டே போகவில்லை. தக்காளி எல்லாம் உருண்டு நசுங்கி, எது சாறு எது ரத்தம் என்று தெரியாமல் கிடந்தது. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு அக்கா தண்ணீரும் துணியும் கொண்டுபோய் அந்த ஆளின் முகத்தைத் துடைத்தாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று அவர் அழுதார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. இது எனக்கு வர வேண்டியது. வழி தவறி உங்க மேல விழுந்துடுச்சு."

திரும்பி வந்தவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு காலமாக நான் பார்த்த அக்கா இல்லை அது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் மழைக்குச் சேறாகிவிடும். உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்ப வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கொண்டுவந்து குவித்த பழைய செங்கல் மலை மாதிரி கிடந்தது. மாதத் தொடக்கத்திலிருந்தே கம்பெனி விட்டு வந்ததும் சின்னச் சுத்தியலால் அவற்றை உடைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் அடிபட்ட மறுநாள் சின்னச் சுத்தியலை மூலையில் போட்டுவிட்டு மாமாவின் நீளக் கைப்பிடிச் சம்மட்டியைத் தூக்கினாள். முதலில் அது அவளைத் தூக்கிக்கொண்டு போனது. ஓர் அடி செங்கல்லில், ஓர் அடி மண்ணில், ஓர் அடி தன் கால் விரலுக்குப் பக்கத்தில்.

மாமா வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். கூலி இல்லாமல் வேலை நடக்கிறதே என்ற சந்தோஷம். தொழில்காரர் இல்லையா, தப்பாக அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

"கையால தூக்காதடி, முட்டாள். இடுப்புல இருந்து வரணும். கை சும்மா பிடிச்சுக்கிட்டு வரும், அவ்வளவுதான்" என்று எழுந்து போய்க் காட்டிக் கொடுத்தார். இன்னொரு நாள், "கதவு, ஜன்னலெல்லாம் எடுக்கும்போது பலகையில அடிக்கக் கூடாது. கீல்ல அடிக்கணும். கீல் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று தன் பிரதாபத்தை அளந்தார். அக்கா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டாள்.

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் மாமா பெல்ட்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சமையலறையில் டீ டம்ளர்களைக் கவிழ்த்து வைக்கும் பலகைக்கு மேல் இருக்கிற ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு அது நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். "நாளைக்கு டீ சூடா இருக்கட்டும்" என்றார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு காலையில் எங்கேயாவது போய்விடவா என்று அக்காவிடம் கேட்டேன்.

"யாரும் எங்கயும் போகல. எல்லாரும் வட்டமா உட்காரணும்."

விடிந்தது. அக்கா குளித்து, தலையை இறுக்கி முடிந்திருந்தாள். அடுப்பில் டீ. அன்று பாலைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றியிருந்தாள், வாசனையிலேயே தெரிந்தது. மாமா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு விருந்துக்களை. நானும் பாப்பாவும் உட்கார்ந்தோம்.

அக்கா டம்ளரை எடுக்கவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனாள். வரும்போது கையில் சம்மட்டி. எங்களைத் தாண்டிப் படுக்கையறைக் கதவுக்கு முன்னால் போய்க் காலை அகட்டி நின்றாள். இடுப்பிலிருந்து வந்தது அடி. மேல் கீலின் ஆணிகள் கிரீச்சென்று பிதுங்கின. இன்னோர் அடி. நிலைச்சட்டம் வெடித்தது. அடுத்தது கீழ்க் கீல்.

"ஏய்! பைத்தியம் பிடிச்சுடுச்சா? தேக்குடி அது! தேக்கு!" மாமா எழுந்து ஓடினார். சம்மட்டி பின்னால் சுழன்று வந்த வேகத்தைப் பார்த்து நடுவழியில் நின்றார். சோப்புத் துணுக்கைக்கூட வீணாக்காத என் அக்கா, வாரா வாரம் எண்ணெய் போட்டுத் துடைத்த கதவை, அந்த வீட்டிலேயே விலை அதிகமான பொருளை, மூச்சுக்கூட வாங்காமல் அடித்தாள். கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைச் சுரண்டிக்கொண்டு, வீடே அதிரும்படி விழுந்தது. விழுந்ததையும் விடவில்லை. ஏறி நின்று நடுப்பலகையில் போட்டாள். அது விரிசல் விட்டுப் பிளந்தது. அக்காவின் வாயிலிருந்து அப்போதுதான் சத்தம் வந்தது. அத்தனை வருஷம் அந்தக் கதவுக்குப் பின்னால் வராத சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மாமா ஒரே பாய்ச்சலில் போய் அவள் முடியைப் பிடிக்கக் கையை ஓங்கினார். அந்தக் கை எப்படி இறங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பா!" பாப்பா எழுந்து நின்றிருந்தாள். கட்டிலுக்கு அடியில் போகவில்லை. குரல் தெளிவாக இருந்தது. "டம்ளர் இன்னும் காலியாகலைப்பா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. கூட்டாளியின் மூக்கை உடைத்தாவது வாக்கைக் காப்பாற்றின வீம்பு இருக்கிறதே, அது அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டது. கை இறங்கியது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூச்சு புஸ் புஸ் என்று வந்தது. "ஊத்துடி. சீக்கிரம் ஊத்து" என்றார்.

அக்கா வந்தாள். சம்மட்டியைத் தன் வலது பக்கம் படுக்க வைத்துவிட்டு நாலு டம்ளரிலும் டீ ஊற்றினாள். கை ஆடவில்லை. தன் டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் குடித்தேன், நாக்கு வெந்தது. பாப்பா குடித்தாள். மிச்சம் இருந்தது ஒரு டம்ளர்.

"குடிங்க" என்றாள் அக்கா. "குடிச்சா மாசம் முடிஞ்சிடும். நீங்க சேர்த்து வெச்சதையெல்லாம் கொடுக்கலாம். போன மாசம் நானும் ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா? நீங்ககூட ரொம்பச் சிரிச்சீங்களே. அதுவும் முடிஞ்சிடும்."

மாமா டம்ளரைத் தூக்கினார். உதட்டுக்குப் பக்கத்தில் போனதும் நிறுத்தினார். பிளந்து கிடந்த கதவைப் பார்த்தார். அதன் விலை அவரைவிட யாருக்குத் தெரியும்? அதையே உடைத்தவள் எதைத்தான் உடைக்க மாட்டாள் என்று அவருடைய மண்டையில் ஓடியதை நான் அவர் முகத்திலேயே படித்தேன். மாசக் கட்டு தொடங்கிய நாளிலிருந்து அக்காவும் சொன்னதை ஒருமுறைகூட மீறியதில்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

"என்னைக் கொன்னுடுவியா?" என்று கேட்டார்.

"தெரியல. இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்லையே" என்றாள் அக்கா. "இடுப்புல இருந்து வரும். அது மட்டும் தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்தார். டீயின் மேல் ஆடை படிந்தது. அப்புறம் எழுந்து, ஆணியிலிருந்த பெல்ட்டை எடுத்தார். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை இடுப்பில் போட்டு, கொக்கியை மாட்டி, காற்சட்டையைச் சரி செய்துகொண்டு வேலைக்குப் போனார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து, முதல் தடவையாக, நானும் பாப்பாவும் பார்க்க வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, உடைந்த கதவுப் பலகைகளைப் பொறுக்கி அடுக்கினாள். நல்ல துண்டுகளில் உட்காரும் பலகை செய்துகொண்டோம், சிறாய்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

அதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பாப்பா இப்போது என்னைவிட உயரம், வேலைக்குப் போகிறாள். படுக்கையறைக்கு இன்றும் கதவு கிடையாது. வெட்டுத்துண்டில் தைத்த திரைதான் தொங்குகிறது. மாமா திருந்திவிட்டாரா என்று கேட்டால், இல்லை. இன்றும் தட்டை வீசுவார், வெளியே யாரிடமாவது வம்பு இழுத்து உதை கொடுப்பார், உதை வாங்குவார். ஆனால் அந்த வீட்டில் யார் மேலும் அவர் கை படவில்லை. தெருமுனைக் கடையில் நாளெல்லாம் டீ குடிக்கிற மனுஷர், வீட்டில் ஒரு சொட்டு டீயைத் தொட மாட்டார்.

நான் இன்றும் கம்பெனிக்கு நடந்துதான் போகிறேன். மழையிலும் நடக்கிறேன், காய்ச்சலிலும் நடக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்காவும் தங்கச்சியும் கஞ்சத்தனத்துல ஒண்ணுதான்" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நான் ஒருநாள் பஸ்ஸில் ஏறிவிட்டால் அந்த மாதம் முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அக்கா பாலைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றி டீ போடுகிறாள். நாலு டம்ளரில் ஊற்றுகிறாள். நாங்கள் மூன்று பேர் குடிக்கிறோம். நாலாவது மாமாவுக்கு முன்னால் ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், எழுந்து வேலைக்குப் போகிறார். அக்கா அந்த டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அந்த வீட்டில் வீணாகிறது என்று சொன்னால் அந்த ஒரு டம்ளர் டீதான்.